சர்வர் படுத்துவிட்டால் எங்கே பார்ப்பது? கட்டற்ற கருவிகளை வைத்துக் கண்காணிப்பும் கோளாறு தேடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் கருவிகள் எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள், பெரும்பாலானவை உங்கள் விநியோகத்தின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.

சர்வர் திடீரென்று மெதுவாகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது, மெமரியை யார் பிடித்து வைத்திருந்தார்கள், எந்த இணைப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன என்ற தடயம் எல்லாம் அதோடு போய்விடும், அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சேவை முழுக்க நின்றுபோய் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால்கூட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்: அப்டைம் (சுமை), டிமெசேஜின் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதும் செய்திகள்) கடைசி வரிகள், ஃப்ரீ (மெமரி), விஎம்ஸ்டாட் (மெமரி, சிபியு), ஐஓஸ்டாட் (டிஸ்க்), டாப் (ப்ராசஸ்கள்), எஸ்எஸ் (நெட்வொர்க் இணைப்புகள்), இந்த ஏழு கட்டளைகளின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதையே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி எல்லா சர்வரிலும் போட்டு வைத்தால் நடுராத்திரியில் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம்.

விஎம்ஸ்டாட்டை ஒரு நொடி இடைவெளியில் ஓட விடுங்கள், முதல் வரியை நம்பாதீர்கள். அது சர்வர் பூட் ஆனதிலிருந்து இதுவரைக்குமான சராசரி, இப்போதைய நிலவரம் இரண்டாவது வரியில்தான் தொடங்கும். ஐஓஸ்டாட்டின் முதல் அறிக்கையும் அப்படித்தான்.

கருவிகளுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கடைசியாக என்ன மாறியது? புதிய பதிப்பு ஏற்றினார்களா, யாராவது கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) சேர்த்தார்களா, டேட்டாபேஸில் ஒரு டேபிள் பெருத்துவிட்டதா? கோளாறு தொடங்கிய நேரத்தைத் துல்லியமாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

லோடு ஆவரேஜ் 20க்கு மேல் காட்டுகிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறதே?

அப்டைமும் டாப்பும் காட்டும் லோடு ஆவரேஜ், அதாவது சராசரிச் சுமை, லினக்ஸில் சிபியு கணக்கு மட்டும் இல்லை. சிபியுவில் ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற ப்ராசஸ்களோடு, டிஸ்க் போன்றவற்றுக்காகக் குறுக்கிட முடியாத உறக்கத்தில் கிடக்கும் ப்ராசஸ்களையும் அது சேர்த்து எண்ணுகிறது. 1993இல் இருந்தே லினக்ஸ் இப்படித்தான், பல யூனிக்ஸ்களில் இந்தக் கணக்கு வேறு. அதனால் சிபியு காலியாக இருந்து லோடு மட்டும் ஏறினால் சந்தேகம் நேராக டிஸ்கின் மேலோ என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் கோப்பமைப்பு) மேலோ போக வேண்டும். பிஎஸ் கட்டளையில் நிலைப் பத்தியில் 'டி' என்று நிற்கும் ப்ராசஸ்களைப் பிடியுங்கள். என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாமல் போனால் அந்த மவுண்டை (அதன் கோப்புகளை இணைத்திருக்கும் அடைவை) தொட்ட ப்ராசஸ் எல்லாம் வரிசையாக இந்த நிலையில் போய் மாட்டிக்கொள்ளும்.

லோடு ஆவரேஜில் வரும் மூன்று எண்களும் 1, 5, 15 நிமிடத்துக்கானவை. முதல் எண் பெரியதாகவும் மூன்றாவது சிறியதாகவும் இருந்தால் கோளாறு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, தலைகீழாக இருந்தால் நீங்கள் வந்து பார்ப்பதற்குள் அது ஓய்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை கோர் இருக்கிறது என்று தெரியாமல் 20 அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது, 64 கோர் இயந்திரத்தில் அது ஒன்றுமே இல்லை.

மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் டாப்பில் 'எஸ்டி' என்று வரும் எண்ணையும் பாருங்கள். உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிபியு நேரத்தை அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது என்று அதற்குப் பொருள். அது விடாமல் உயரத்தில் நின்றால் உங்கள் நிரலைக் குடைந்து பயனில்லை.

ஃப்ரீ கட்டளையில் காலி மெமரி எப்போதும் குறைவாகவே இருக்கிறது. ரேம் போதவில்லையா?

அப்படி அர்த்தமில்லை. சும்மா கிடக்கும் மெமரியை, படித்த கோப்புகளின் கேஷாக (தற்காலிக நகலாக) கெர்னல் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'ஃப்ரீ' பத்தியை விட்டுவிட்டு 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். ஸ்வாப் (மெமரிக்குப் பதில் பயன்படும் டிஸ்க் இடம்) கொஞ்சம் பயன்பட்டிருப்பதும் பிரச்சினை இல்லை, விஎம்ஸ்டாட்டில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு ப்ராசஸ் அடிக்கடி செத்துப்போகிறது, அப்ளிகேஷன் லாகில் ஒரு வரிகூட இல்லை. ஏன்?

கெர்னலின் ஓஓஎம் கில்லர் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மெமரி தீர்ந்துவிட்டால் கெர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து 9ஆம் எண் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடும். அந்த சிக்னலை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது, அதனால்தான் கடைசி வார்த்தை எதுவும் எழுதாமல் போகிறது. டிமெசேஜிலோ, சிஸ்டம் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் கெர்னல் செய்திகளிலோ 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் கிடைத்துவிடும். கன்டெய்னர் (தனியே பிரித்து ஓட்டப்படும் நிரல்) என்றால் வெளியேறும் குறியீடு 137 ஆக இருக்கும், 128உடன் 9ஐக் கூட்டினால் வருவது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செத்தவன்தான் குற்றவாளி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக அதிக மெமரி வைத்திருப்பவரைத்தான் கெர்னல் தேர்ந்தெடுக்கும், அது பெரும்பாலும் டேட்டாபேஸ். நியாயமாக அளந்து கொடுத்த மெமரியோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் பலியாகியிருக்கும், கசிந்துகொண்டிருந்த இன்னொரு நிரல் உயிரோடு இருக்கும். கொல்லும் நேரத்தில் யார் யாரிடம் எவ்வளவு மெமரி இருந்தது என்ற அட்டவணையை கெர்னலே லாகில் கொட்டியிருக்கும், அதை முழுக்கப் படியுங்கள். கன்டெய்னருக்கு விதித்த வரம்பைத் தாண்டியதால் கொல்லப்பட்டிருந்தால், சர்வரில் ஏகப்பட்ட ரேம் காலியாக இருக்கும்போதே இது நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, ஆனால் டியூ போட்டுக் கூட்டினால் கணக்கு உதைக்கிறதே?

டியூ கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும், டிஎஃப் டிஸ்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று சொல்லும். இப்படிக் குழப்பம் வர நான்கு காரணங்கள் உண்டு, நான்கையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

அடிக்கடி நடப்பது அழித்தும் அழியாத கோப்பு. ஒரு பெரிய லாக் கோப்பை யாரோ ஆர்எம் போட்டு அழித்திருப்பார்கள், ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ் இன்னும் திறந்தே வைத்திருக்கும். பெயர் போய்விட்டதால் டியூவுக்கு அது தெரியாது, இடம் விடுபடாததால் டிஎஃப் அதைக் கணக்கில் வைத்திருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் இணைப்பு எண்ணிக்கை 1க்குக் குறைவான கோப்புகளை மட்டும் கேட்டால் ஆள் சிக்கிவிடுவார். அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தாலோ, லாகை மறுபடி திறக்கச் சொல்லும் சிக்னலை அனுப்பினாலோ இடம் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாகை இனி அழிக்காதீர்கள், ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது லாக்குகளைச் சுழற்றிப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட்டை ஒழுங்காக அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்துபோவது. டிஎஃப் கட்டளைக்கு 'ஐ' என்ற தேர்வைக் கொடுத்தால் தெரியும். செஷன் கோப்புகள், அஞ்சல் வரிசை என்று குட்டிக் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் பைட் கணக்கில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்ற பிழை வரும். மூன்றாவது, இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட் (நிர்வாகி) பயனருக்கு ஒதுக்கி வைத்துவிடும். கடைசியாக, ஒரு அடைவில் கோப்புகள் இருக்கும்போதே அதன் மேல் வேறொரு டிஸ்கை மவுண்ட் செய்திருந்தால் அடியில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாது. பேக்அப் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஒரு நாளில் பேக்அப் முழுக்க ரூட் பகிர்விலேயே எழுதப்பட்டு, மறுநாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அது மறைந்துவிடுவது வழக்கமான கதை.

கோளாறு நெட்வொர்க்கிலா, அப்ளிகேஷனிலா? எப்படிப் பிரிப்பது?

எஸ்எஸ் கட்டளையில் தொடங்குங்கள், பழைய நெட்ஸ்டாட்டின் இடத்துக்கு வந்தது அது. 'க்ளோஸ் வெயிட்' நிலையில் இணைப்புகள் குவிந்திருந்தால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது, உங்கள் நிரல் தன் பக்கத்தை மூடவில்லை என்று பொருள். நெட்வொர்க்காரரைக் கூப்பிட வேண்டாம், நிரலில்தான் ஓட்டை. 'டைம் வெயிட்' நிறைய இருப்பது பெரும்பாலும் இயல்பானது. கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டின் பெறும் வரிசை எண் ஏறி, பக்கத்தில் இருக்கும் உச்ச வரம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வரும் இணைப்புகளை வாங்கும் வேகம் அப்ளிகேஷனுக்கு இல்லை.

கோரிக்கைகள் சரியாக 5 நொடி தாமதமாகின்றன, சில நேரம் 10 நொடி, நடுவில் எதுவும் இல்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். ரிசால்வ் காஃப் கோப்பில் முதலில் எழுதியிருக்கும் நேம்சர்வர் செத்திருந்தால் லினக்ஸ் இயல்பாக 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததிடம் போகும். இப்படி உருண்டையான எண்ணில் வரும் தாமதம் எப்போதுமே ஒரு டைம்அவுட்டின் கையெழுத்து. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்பை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட விட்டு, பாக்கெட் எங்கே காணாமல் போகிறது என்று பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் வாதத்துக்கு இடமே இல்லை.

நேற்று ராத்திரி 3 மணிக்கு என்ன நடந்தது என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால் கண்டுபிடிக்கலாம், இல்லாவிட்டால் ஊகம்தான். கண்காணிப்பின் முக்கியமான பயன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அலர்ட் அடிப்பது அதற்கு அடுத்தபடிதான்.

குறைந்தபட்சமாக சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, சேகரிப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எண்களை எழுதிவைக்கும், சார் கட்டளையால் பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கலாம். தனி சர்வர் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், சுமையும் கிட்டத்தட்ட இல்லை. எந்த ப்ராசஸ் என்பதுவரை வேண்டும் என்றால் அடாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜர்னலும் (சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி சேர்க்கும் லாக்) ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நிலைத்திருக்க வேண்டும். சிஸ்டம்டியின் பல பதிப்புகளில், இயல்பான அமைப்பில் வார் லாக் அடைவுக்குள் 'ஜர்னல்' என்ற அடைவு இருந்தால்தான் லாக்குகள் டிஸ்கில் தங்கும், இல்லாவிட்டால் மெமரியில் இருந்துவிட்டுப் போய்விடும். அடைவு இருந்தால் முந்தைய பூட்டின் கடைசி வரிகளையும் ஜர்னல்சிடிஎல்லில் எடுக்கலாம்.

எல்லா சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், க்ரோனியைப் போட்டுவிடுங்கள். நான்கு சர்வர் லாக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று 40 நொடி பின்தங்கியிருந்தால் காரணம் எது, விளைவு எது என்றே தலைகீழாகிவிடும்.

நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமீதியஸ், நெட்டேட்டா என்று இவ்வளவு இருக்கிறதே, எதை எடுப்பது?

நாகியோஸ் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்தது. அதன் வடிவம் எளிமையானது: ஒரு சோதனை நிரல் ஓடி 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை என்று திருப்பித் தரும். இந்த ஒப்பந்தம் இவ்வளவு எளிது என்பதால்தான் 2009இல் அதிலிருந்து பிரிந்த ஐசிங்காவிலும் மற்ற பலவற்றிலும் அதே சோதனைகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் எண்களின் வரலாற்றைச் சேர்ப்பது அதன் மையமான வேலை கிடையாது.

ஜாபிக்ஸ் 2001இல் இருந்து இருக்கிறது. ஏஜென்ட், எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் நிலை கேட்கும் நெறிமுறை), டேட்டாபேஸ், வரைபடம், அலர்ட், பயனர் உரிமை எல்லாம் ஒரே பொட்டலத்தில். சர்வர்களோடு ஸ்விட்ச், பிரிண்டர், யுபிஎஸ் என்று கலவையான சாதனங்கள் இருக்கும் அலுவலகத்துக்கு, அமைப்புக் கோப்புகளை எழுதப் பிடிக்காத அணிக்கு, நான் இதைத்தான் சொல்வேன்.

புரோமீதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது, 2016இல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸுக்கு அடுத்தபடியாக, கிளவுட் சார்ந்த திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. அது தானே ஒவ்வொரு இலக்கிடமும் போய் எண்களை வாங்கிவரும், அதனால் ஒரு இலக்கு பதில் சொல்லவில்லை என்பதே ஒரு தகவலாகிவிடுகிறது. கன்டெய்னர்கள் பிறந்து செத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு, சொந்தமாக நிரல் எழுதி அதற்குள்ளிருந்தே எண்களை வெளியிட நினைப்பவர்களுக்கு, இதுதான் பொருத்தம். படம் காட்ட கிராஃபானா, அலர்ட்டுக்கு அலர்ட்மேனேஜர். இயல்பாக 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டு மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது, உடனே ஏதாவது தெரிய வேண்டும் என்றால் நெட்டேட்டா போதும், நொடிக்கு நொடி எண் தரும். எதை எடுத்தாலும் ஒன்றை முழுமையாக அமையுங்கள். அரைகுறையாக மூன்று கருவிகள் இருக்கும் இடத்தில் அவசரத்தில் யாரும் எதையும் திறப்பதில்லை.

எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பயனர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகளின் நம்பகத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும்) அணியினர் நான்கைச் சொல்கிறார்கள்: தாமதம், வரத்து, பிழைகள், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற அளவு. சேவைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். வன்பொருள் பக்கம் செயல்திறன் நிபுணர் பிரெண்டன் கிரெக் வகுத்த முறை கைகொடுக்கும்: ஒவ்வொரு வளத்துக்கும் எவ்வளவு பயன்பாடு, எவ்வளவு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள், எத்தனை பிழை என்று மூன்றே கேள்வி.

தாமதத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். 100 கோரிக்கையில் 98 வந்து 50 மில்லி நொடியில் முடிந்து, மீதி இரண்டு 10 நொடி எடுத்தால் சராசரி கால் நொடிக்கும் குறைவு, பார்க்க அழகாக இருக்கும். அந்த இரண்டு பேரின் அனுபவம் 99ஆம் சதமானத்தில்தான் (100இல் 99 கோரிக்கைகள் இந்த நேரத்துக்குள் முடிந்தன என்று சொல்லும் எண்) தெரியும்.

பிறகு யாரும் நினைக்காத சிலவற்றைச் சேருங்கள். டிஎல்எஸ் சான்றிதழ் (தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கானது) முடிய இன்னும் எத்தனை நாள், கடைசி பேக்அப் வெற்றியாக முடிந்து எவ்வளவு நேரம் ஆகிறது, அதன் அளவு திடீரென்று சுருங்கியிருக்கிறதா, கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது. உள்ளே எல்லாம் பச்சையாக இருக்கும்போது வெளியிலிருந்து தளம் திறக்காமல் இருக்கலாம், அதனால் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் போன்ற ஒன்றை வேறொரு நெட்வொர்க்கில் வைத்து அங்கிருந்து சோதியுங்கள்.

அலர்ட் மழையாகக் கொட்டுகிறது, யாரும் பார்ப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

அழியுங்கள், தயங்காமல் அழியுங்கள். ஒவ்வொரு அலர்ட்டையும் எடுத்து 'இது வந்தால் ஒருவர் எழுந்து இப்போதே செய்ய வேண்டிய வேலை என்ன?' என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அது டேஷ்போர்டில் இருக்க வேண்டிய எண், ராத்திரி ஒருவரை எழுப்பும் தகுதி அதற்கு இல்லை. சிபியு 90 சதவீதம் என்ற அலர்ட் பெரும்பாலும் இந்த வகை. சிபியு ஓடத்தான் இருக்கிறது, பயனருக்குப் பதில் தாமதமாகிறதா என்பதுதான் கேள்வி. தூக்கத்தைக் கெடுத்துக் கெடுத்து ஒன்றும் இல்லாமல் போகும் அலர்ட், ஆட்களை மெல்ல அலட்சியத்துக்குப் பழக்குகிறது, உண்மையான தீ பிடிக்கும்போது அதுவும் சைலன்ட்டில் போய்விடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று அணியைத் திட்டுவது அநியாயம், தவறு அலர்ட் எழுதியதில் இருக்கிறது.

டிஸ்க் 80 சதவீதம் என்ற நிலையான வரம்பும் அப்படித்தான். 10 டெராபைட் டிஸ்கில் 80 சதவீதம் என்றால் இன்னும் 2 டெராபைட் காலி, 10 ஜிகாபைட் பகிர்வில் அதே 80 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தில் நிரம்பலாம். புரோமீதியஸில் 'ப்ரெடிக்ட் லீனியர்' என்று ஒரு செயற்கூறு உண்டு, கடந்த சில மணி நேரத்தின் போக்கை நீட்டிப் பார்த்து இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்பிவிடுமா என்று கேட்கலாம். கூடவே 'ஃபார்' விதியைப் போட்டு, நிலைமை 10 நிமிடம் தொடர்ந்தால் மட்டுமே அடிக்கச் சொல்லுங்கள், ஒரு நொடித் துள்ளல்கள் எல்லாம் அடங்கிவிடும்.

ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் 40 சர்வருக்கும் 40 செய்தி வரக் கூடாது. அலர்ட்மேனேஜரில் தொகுக்கவும், பெரிய அலர்ட் இருக்கும்போது சின்னதை அடக்கவும் வசதி உண்டு. நாகியோஸில் யாருக்கு யார் பெற்றோர் என்று எழுதி வைத்தால் அதே வேலை நடக்கும். ஒவ்வொரு அலர்ட்டின் செய்தியிலும் முதலில் பார்க்க வேண்டிய இடத்தை ஒரு வரியாக எழுதிவிடுங்கள், அதைப் படிப்பவர் அரைத்தூக்கத்தில் இருப்பார்.

கண்காணிக்கும் சர்வரே விழுந்துவிட்டால்?

அமைதி நிலவும், எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை உருவாக்கி, வேறொரு இடத்தில் இருக்கும் ஒரு சின்ன சேவைக்கு அதை அனுப்புங்கள். அந்தத் துடிப்பு நின்றால் அந்த சேவை உங்களைக் கூப்பிட வேண்டும். கண்காணிப்பு சர்வரையும் அது கண்காணிக்கும் சர்வர்களையும் ஒரே இயந்திரத்தில், ஒரே மின்சார வரியில் வைக்காதீர்கள்.

நோடு எக்ஸ்போர்ட்டரின் போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கலாமா?

கூடாது. புரோமீதியஸுக்கு சர்வரின் எண்களைத் தரும் இந்த நிரல் 9100 போர்ட்டில் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் கெர்னல் பதிப்பு, மவுண்ட்கள், நெட்வொர்க் இடைமுகங்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். உள் நெட்வொர்க்கில் மட்டும் கேட்க வையுங்கள், ஃபயர்வாலில் புரோமீதியஸ் சர்வரை மட்டும் அனுமதியுங்கள், டிஎல்எஸ்ஸும் கடவுச்சொல்லும் போடும் வசதியும் இருக்கிறது.

புரோமீதியஸே மெமரியை விழுங்குகிறது. ஏன்?

லேபிளில் (ஒவ்வொரு எண்ணோடும் ஒட்டும் அடையாளக் குறிப்பில்) பயனர் எண், மின்னஞ்சல், முழு இணைய முகவரி போன்றவற்றை யாரோ போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தனி மதிப்பும் மெமரியில் இடம் பிடிக்கும் ஒரு தனித் தொடர். அந்த விவரம் லாகில் இருக்க வேண்டியது, லேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் சாகப்போவதை முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

சில நேரம் முடியும். டிஸ்க் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸைப் போட்டு 5, 197, 198 ஆகிய பண்புகளைப் பாருங்கள்: மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், படிக்க முடியாமல் நிற்பவை, திருத்த முடியாதவை. இந்த எண்கள் வளரத் தொடங்கினால் மாற்று டிஸ்கைத் தயார் செய்துவிட வேண்டும். ஆனால் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை.

மென்பொருள் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது) வைத்திருந்தால் அதன் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பைக் கண்காணிப்பில் சேருங்கள். இரண்டில் ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டேயிருக்கும், யாரும் பார்க்காவிட்டால் இரண்டாவதும் போகும் நாளில்தான் முதலாவது எப்போதோ போனது தெரியவரும்.

கோளாறு தானாகவே சரியாகிவிட்டது, காரணம் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

மூடாதீர்கள், திறந்தே வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது, எந்த எண் முதலில் நகர்ந்தது, அந்த நேரத்தில் ஓடிய கிரான் வேலைகள் எவை, இந்த நான்கையும் கிராஃபின் படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். பார்த்ததைத் தனியாகவும் ஊகித்ததைத் தனியாகவும் எழுதுங்கள், மூன்று மாதம் கழித்துப் படிப்பவருக்கு எது எது என்று தெரிய வேண்டும். அப்புறம் எந்தத் தகவல் இல்லாததால் இந்த முறை சிக்கிக்கொண்டோம் என்று பார்த்து அதைச் சேகரிப்பில் சேருங்கள்: ப்ராசஸ் வாரியான டிஸ்க் கணக்கு இல்லையென்றால் அடாப், டேட்டாபேஸின் மெதுவான வினவல் பதிவு அணைந்திருந்தால் அதை இயக்குவது, 10 நிமிட இடைவெளி போதவில்லையென்றால் 1 நிமிடம்.